குடும்பத் தலைவர் என்றால் யார்?

“அவ்ளோ நேரமா இன்னாத்த படிச்சிகினு கீறீங்க? என் பேரு அதுல சரியாத்தான கீது?”

மேஜைக்கு எதிரே நின்று கேட்டாள் தாயம்மாள்.

1973. கள்ளிக்குப்பம் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல். பொதுக் குழாய், சங்கத் தலைவர் பாஸ்கரன் வீட்டு வாசலுக்கு நகர்ந்துவிட்டது. கடைசித் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தார்கள். கேட்டால் பதில் இல்லை. அதனால்தான் தாயம்மாள் அவரை எதிர்த்து மனுப் போட்டிருந்தாள்.

மனுக்களைப் பரிசீலிப்பவர் பக்தவத்சலம். ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்ததே பாஸ்கரன்தான்.

“விதி என்ன சொல்லுதும்மா? ‘குடும்பத் தலைவர் எவரும் போட்டியிடலாம்.’ நீ குடும்பத் தலைவர் இல்லையே.”

“என் ஊட்டுக்காரரு செத்து ஆறு வருசம் ஆவுது. இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல மிஷின் ஓட்டி ரெண்டு புள்ளைங்கள நான்தான் படிக்க வெக்கிறேன். பின்ன எங்க ஊட்டுக்கு யாரு தலைவரு, கட்டிப் போட்டிருக்கிற ஆடா?”

பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

“தலைவர்னா ஆம்பளை. பொம்பளையா இருந்தா தலைவின்னு எழுதியிருப்பாங்க.”

“தலைவன்னும் எழுதலியே, சார்.”

பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றினார். “எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதும்மா. எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு பார்க்கணும். பெரிய பெரிய ஜட்ஜுங்களே அப்படித்தான் பார்க்கிறாங்க.”

“டில்லில நாட்டையே ஒரு பொம்பள ஆளுது. கள்ளிக்குப்பத்துக் கொழாய்க்கு மட்டும் ஆம்பளதான் வேணுமா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்கரன் சிரித்தார். “எதுக்கு வீண் பேச்சு? விதியை எழுதினவரே இங்கதான் இருக்கார். கேட்டுட்டாப் போச்சு.”

விதியை எழுதியவர் இராமகிருஷ்ணன். ஆவடி ராணுவ ஆலையில் குமாஸ்தா. பாஸ்கரனின் உடன்பிறந்த அண்ணன்.

கடைசித் தெரு எல்லம்மா தாயம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாக்கா போலாம். அண்ணன் இன்னா, தம்பிய உட்டா குடுக்கப் போறாரு?”

“போவ மாட்டேன். சொல்லட்டும். என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்.”

இராமகிருஷ்ணன் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“ஆம்பளைங்களை மனசுல வெச்சுத்தான் எழுதினேன். பொம்பளைங்க வருவாங்கன்னு நினைக்கவே இல்ல.”

பாஸ்கரன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மனுவின் குறுக்கே கோடு போட பக்தவத்சலம் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

இராமகிருஷ்ணன் உட்காரவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வேட்பாளர் பெயர் எழுதியிருந்த கரும்பலகைக்குப் போனார். தம்பி பெயருக்குக் கீழே ‘தாயம்மாள்’ என்று எழுதினார்.

“என்ன சார் இது?” என்றார் பக்தவத்சலம். “உங்க மனசுல இருந்ததை நீங்களே இப்பத்தான சொன்னீங்க?”

“சொன்னேன். நான் நினைச்சதுதான் தப்பு, எழுதினது சரி. எழுதினபடியே படிங்க.”