மந்திரியின் முறை

“மந்திரி எப்பவும் கடைசியாத்தான் வருவார். அதானே மரியாதை?” என்று வரிசையில் யாரோ சொல்ல, வார்டே சிரித்தது.

மந்திரி சிரிக்கவில்லை. சவர நாற்காலியைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மனநல மருத்துவமனையின் அந்த ஆண்கள் வார்டில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே இதனால்தான். வாராவாரம் எல்லோரும் சவரம் செய்து முடித்த பிறகுதான் அவர் முகத்தைக் காட்டுவார்.

சவரம் செய்ய வருபவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தத் தம்பி அங்கே நோயாளியாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட உறவு அது. அந்தத் தம்பிக்குத்தான் இன்று விடுதலை. தேறிவிட்டான், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிவாசலில் அம்மா காத்திருந்தாள்.

தம்பியை மாப்பிள்ளை மாதிரி அம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதனால் மற்றவர்களை முடித்துவிட்டு, நிதானமாகத் தம்பியை உட்கார வைக்க நினைத்திருந்தார். மந்திரி மட்டும் மசியவில்லை.

“தம்பி முடிச்சப்புறம் உக்கார்றேண்ணே.”

“இன்னைக்கு ஒரு நாள் பதவிய விட்டுக்குடுங்க மந்திரி. அவனுக்குச் செஞ்சதும் நாங்க கிளம்பணும்.”

“அவனுக்கு முன்னாடி வேண்டாம்ணே. சொன்னா கேளுங்க.” மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வரிசையில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அண்ணனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. தம்பிக்கும் மந்திரிக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தம்பி சாப்பிட மறுத்த நாட்களில் கெஞ்சிக் கூத்தாடி ஊட்டிவிட்டவர் மந்திரிதான். அவரைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. இருந்த ஒரு துணையும் போகிறதே என்று இழுத்தடிக்கிறார், பாவம்.

ஆனால் அம்மா வெயிலில் நிற்கிறாளே. அண்ணன் கண்காட்ட, வார்டு உதவியாளர் மந்திரியைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் கொடுத்த ஒரே பிளேடு அதற்குள் மழுங்கிவிட்டிருந்தது. தம்பிக்கென்று வாங்கி வந்த புது பிளேடையே அண்ணன் கத்தியில் மாட்டினார்.

மந்திரி திமிறியதில் தாடையில் கீறல் விழுந்து ரத்தம் கசிந்தது. முகம் கழுவ உதவியாளர் அவரைக் குளியலறைக்கு இழுத்துப் போனார். “தம்பிய உக்கார வைக்காதீங்கண்ணே” என்று மந்திரி போகிற வழியெல்லாம் அழுதார். அதைக் கேட்டுத் தம்பிக்கும் கண் கலங்கியது.

அண்ணன் கத்தியை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தம்பியின் கன்னத்தில் வைத்தார். கண்ணாடியில் தன் முகம் பளிச்சென்று மாறி வருவதைப் பார்த்த தம்பி, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். சிரித்ததில் அவனுக்கும் ஒரு கீறல்.

“அம்மா என்னைத்தான் திட்டுவா” என்று அண்ணனும் சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்து ஒற்றினார்.

தம்பி புதுச் சட்டை மாற்றப் போனான். குளியலறையிலிருந்து முகம் சொட்டச் சொட்ட ஓடிவந்த மந்திரி, ரத்தக் கறை படிந்த பஞ்சைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு மற்றவர்கள் காதில் விழாதபடி அண்ணனிடம் குனிந்தார்.

“தம்பிய உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கண்ணே. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு.”