விளக்கமா, திருத்தமா?

"விளக்கம் வேணாம். திருத்தம்தான் வேணும்."

பெரில் ஹாட்விக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த தேநீரைத் தொடக்கூட இல்லை.

துணை ஆசிரியர் நைஜலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். இந்தக் கிரிம்ஸ்பி ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா இவளுக்கு?

போன வாரம் அவளுடைய மீன் வறுவல் கடை எரிந்துபோனது. 'சமையல்காரர் காலினின் கவனக்குறைவே காரணம்' என்று செய்தி வந்திருந்தது. அதுதான் தகராறு.

"'கிளாரிஃபிகேஷன்'னு ரெண்டாம் பக்கத்துல போடறேன் மேடம். காரணம் இன்னும் உறுதியாகலன்னு. 'கரெக்‌ஷன்'னாலும் அதேதானே?"

"எப்படி அதேதான் ஆகும்? விளக்கம்னா நீங்க எழுதினது சரி, படிச்ச எங்களுக்குத்தான் புரியலன்னு அர்த்தம். திருத்தம்னா நீங்க எழுதினது தப்பு. உங்க பேப்பர்ல மீன் மடிக்கறவதான் நான். ஆனா படிச்சுட்டுத்தான் மடிப்பேன், தம்பி."

நைஜலுக்குச் சுருக்கென்றது. அவன் மேசையிலிருந்து இதுவரை ஒரு திருத்தம்கூடப் போனதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. விளக்கம் மட்டும் வாராவாரம் போகும்.

"உண்மையைச் சொல்லுங்க. கவனக்குறைவுன்னா இன்சூரன்ஸ்காரன் இழுத்தடிப்பான். அதானே?"

"அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க. காலினுக்கு ஒரு கடையிலயும் வேலை தரமாட்டேங்கறாங்க. பப்புக்குள்ள நுழைஞ்சா, 'வாடா கொள்ளிக்கட்டை'ன்னு கூப்பிடறாங்க. நீங்க விளக்கம் போட்டா, மழுப்பறாங்கன்னு இன்னும் சிரிப்பாங்க."

"எங்க நிருபர் நேர்ல விசாரிச்சு எழுதினது மேடம். திருத்தம்னா, சரி எதுன்னும் சேர்த்துப் போடணும். அதுதான் எங்க வழக்கம். காலின் இல்லன்னா வேற யாருன்னு சொல்லுங்க, போடறேன்."

இதோடு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான்.

பெரில் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எழுதிக்குங்க. காலின் எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் போனான். அப்புறம் பசிக்குதுன்னு எண்ணெயைத் திரும்பக் காயவச்சுட்டு, மாடியில டிவி முன்னாடி தூங்கிப்போனது நான். உங்க நிருபர் வந்து 'காலின்தானே?'ன்னு கேட்டப்போ, பயத்துல தலையாட்டினதும் நான்தான். அவன் பேரை எவ்வளவு பெரிய எழுத்துல போட்டீங்களோ, அதே அளவுல என் பேரைப் போடுங்க."