ஒரே ஒரு பாயிண்ட்

"தோத்தா கப்பு போயிடுமா ஹஸன்? கணக்கைச் சரியாச் சொல்லு" என்றார் அக்பர் பாஷா.

தி.நகர் கடை ஊழியர்களின் ஞாயிறு கிரிக்கெட் லீக்கில் அன்று கடைசி நாள். பாஷா ஒரு ஜவுளிக்கடையின் சூப்பர்வைசர். கடை அணிக்கு அவர்தான் கேப்டன், விக்கெட் கீப்பரும் அவர்தான். பில் போடும் ஹஸன் ஸ்கோரர். லீக் தொடங்கியதிலிருந்து கப் இந்த அணியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"நமக்குப் பதினாலு பாயிண்ட் பாய். நகைக்கடைக்காரங்களுக்குப் பன்னெண்டு. இன்னிக்கு வேற கிரவுண்டுல அவங்க ஜெயிச்சாலும் பதினாலுதான். நமக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் வந்தாப் போதும், கப்பு நம்மளுது."

"நாம தோத்து, அவங்க ஜெயிச்சா?"

"ரன் ரேட் பார்ப்பாங்க. நாம நாப்பது ரன்னுக்கு மேல தோத்தாத்தான் பேஜாரு."

"நாப்பதா? நல்லாப் பார்த்தியா?"

"இன்னா பாய், இப்படி பயந்துக்கினு கீறீங்க!" ஹஸன் சிரித்தான்.

காலை ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பாஷா மூன்று கேட்சுகளை விட்டார். பதற்றம், பாவம் என்று பையன்கள் மன்னித்தார்கள். எதிரணி நூற்று முப்பது எடுத்தது. பேட்டிங்கில் முதலில் இறங்கிய பாஷா, முதல் பந்திலேயே அவுட். இருபது ரன்னுக்கு ஐந்து விக்கெட் போனது. நகைக்கடை அணி ஜெயித்துவிட்டதாகவும் போன் வந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது.

"பத்து நிமிஷம் பார்க்கலாமே, விட்டுடும்" என்று அம்பயரிடம் கெஞ்சினார் பாஷா. என்ன நேர்மை என்று எதிரணியே வியந்தது.

"ஒன்பதரைக்குக் கடை திறக்கணும் பாய், யாரு நிப்பா? மேட்ச் ரத்து. ஆளுக்கு ஒரு பாயிண்ட்" என்றார் அம்பயர்.

பையன்கள் பாஷாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கப்பைக் கட்டிக்கொண்டு அவர் தேம்பித் தேம்பி அழுதார். ஹஸன் அதைப் படமெடுத்து, 'ஆனந்தக் கண்ணீர்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான்.

உடை மாற்ற வீட்டுக்கு வந்தவரை மனைவி நஸ்ருன்னிசா வாசலிலேயே நிறுத்தினாள்.

"போட்டோ பார்த்தேன். கப்பு ஜெயிக்கிற வரைக்கும்தான் ஆடுவேன்னு நிக்காஹ் ஆன புதுசுல சத்தியம் பண்ணீங்க, பத்தொம்பது வருஷம் பொறுத்துட்டேன். பேட்டைக் குடுங்க, பரண்ல போடணும்."