உள்ளதைச் சொல்லிடறேன்

"மறைச்சு விக்கற பழக்கம் எனக்குக் கிடையாது சார். உள்ளதைச் சொல்லிடறேன்" என்று தரகர் குரலைத் தாழ்த்தினார். வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் பின்பக்க அறையின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இந்த ரூம்ல தினம் மத்தியானம் மூணு மணிக்கு நாற்காலியை இழுக்கற சத்தம் கேக்கும். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்ல."

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. "நமக்கு இது சரிப்படாதுங்க" என்று கணவனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிப்போனாள்.

கேட் சாத்தப்பட்டதும் தரகர் சிரித்துக்கொண்டார். நாற்காலி அவருடைய கற்பனை. மூணு மணியும்தான். வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டுமே என்று வாயில் வந்த நேரம் அது.

வீடு ஒரு நர்ஸுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல், நடக்க முடியாத அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். அவர் போன பிறகும் தனியாகவே இருந்தாள். வேறு ஊரில் வேலை கிடைத்ததும், விற்கும் பொறுப்பை இவர் ஒருவரிடமே கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தாள்.

"எனக்கு விலை பேசத் தெரியாதுண்ணே. என் பக்கம் நின்னு நீங்கதான் பேசணும்."

"உங்களுக்காகப் பேசத்தானே சிஸ்டர் நான் இருக்கேன்?"

அன்று அதை மனசாரத்தான் சொன்னார். ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது மனசு நழுவிவிட்டது. எல்லா அறையிலும் வெளிச்சம், காற்று. இவரோ பதினெட்டு வருடமாக ஒண்டுக் குடித்தனம். "ஊருக்கெல்லாம் வீடு காட்டறீங்க, நமக்குன்னு ஒண்ணு உங்க கண்ணுல படலியா?" என்று மனைவி கேட்காத நாளில்லை.

ஆறு பேர் பார்க்க வந்தார்கள். ஆறு பேரும் ஓடினார்கள்.

ஏழாவதாக நர்ஸிடமே போனார். "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். பின் ரூம்ல மூணு மணிக்கு யாரோ நாற்காலியை இழுக்கறாங்களாம். வெளியில அப்படிப் பேசிக்கறாங்க. நீங்க சொன்ன விலைக்கு இது போகாது."

கோபப்படுவாள், இது என்ன பேத்தல் என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போனது. "யாருண்ணே சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கம்பக்கத்துலதான்."

"சரிண்ணே. கேக்கற விலைக்குக் கொடுத்துடுங்க."

மூன்றில் ஒரு பங்கு விலை இறங்கியது. பத்திரத்தில் வாங்கியவர் பெயர், தரகருடைய மச்சானின் பெயர். உறவு அவளுக்குத் தெரியாது. நாற்காலிக் கதையை அவர் மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

சாவி வாங்கும் நாளில் மத்தியானம் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். நர்ஸின் சாமான்களை லாரி காலையிலேயே ஏற்றிப் போயிருந்தது. வீட்டில் ஒரு முக்காலிகூட மிச்சமில்லை. அளவு டேப்பும் கையுமாக மனைவி நேரே சமையலறைக்குள் போய்விட்டாள்.

"வாங்கினவர் நம்ம மச்சான்தான் சிஸ்டர். அவருக்கு இப்ப வர முடியல. அதான் நாங்களே குடி வந்துடலாம்னு..." ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் பாதியிலேயே தீர்ந்துபோயின.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இதற்காகத்தான் விலையை இறக்கினீர்களா என்று கேட்டுவிடப் போகிறாள் என்று தரகர் பயந்தார்.

"நீங்களா? அப்பாடா!" என்றாள். "தெரியாதவங்க யாராவது வந்து பயந்துடுவாங்களோன்னு எனக்கு ஒரே கவலை. நீங்க எல்லாம் தெரிஞ்சே வாங்கியிருக்கீங்க."

"அதெல்லாம் சும்மா கட்டிவிட்ட கதை சிஸ்டர்." அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"கதையா? எட்டு வருஷமா நான் கேக்கறேனே!" அவள் பின்பக்க அறையைக் காட்டினாள். "டூட்டி முடிஞ்சு மூணு மணி பஸ்லதான் நான் வருவேன். அப்பா நிக்கக்கூட முடியாத மனுஷன், உக்காந்த நாற்காலியோட தன்னை இழுத்துக்கிட்டு ஜன்னல் கிட்ட வந்துடுவார், நான் வர்றதைப் பார்க்க. போனதுக்கு அப்புறமும் அது நிக்கல. யார்கிட்டயும் இதை நான் சொன்னதில்ல. வெளியில எப்படிக் கேட்டுச்சுன்னுதான் புரியல."

தான் அவிழ்த்துவிட்ட பொய், தனிக்கட்டையாக இருந்தவளின் புத்தியில் போய் இப்படி ஒட்டிக்கொண்டதா? அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவள் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அந்த ஜன்னலை மட்டும் மறைச்சுடாதீங்கண்ணே. என்கூட வருவாரோ என்னவோ, தெரியல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய் ஏறிக்கொண்டாள்.

டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை தரகர் காலி ஹாலின் நடுவில் அசையாமல் நின்றார். பாவம், பைத்தியமாகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, நாற்காலியைத் தூக்கி வைக்கக் கூடாதா? இப்படித் தரதரன்னு இழுக்கறீங்களே!"