சைகை வகுப்பில் ஓர் இடம்

கணினி அறையில் இருந்த அத்தனை பேரும் அடுத்த பருவத்துக்கான பாடங்களைப் பிடிக்க முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள், அவனும்தான்.

“புள்ளியியலை எடுடா! அது இல்லாட்டி எந்தக் கம்பெனியும் உன்னைத் திரும்பிப் பார்க்காது” என்று அவன் காதருகே கத்தினான் அறை நண்பன் சோடாபுட்டி.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சைகை மொழி வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அதை அழுத்தினான். திரை அப்படியே நின்றுவிட்டது.

“உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு வகுப்பும் ஒரே நேரம். இதை எடுத்தா அது போச்சு!”

“போகட்டும்.”

“எந்தப் பொண்ணுக்காகடா இந்தக் கூத்து?”

அவன் கண் திரையைவிட்டு நகரவில்லை. பின்வரிசையில் யாரோ, “சைகை மொழியில இடம் இருக்கா?” என்று கேட்டதும் மவுஸை மறுபடி மறுபடி அழுத்தினான்.

ஒருவழியாகத் திரை அசைந்து, ‘பதிவு முடிந்தது’ என்று காட்டியது. அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“இப்பவாவது சொல்லித் தொலை. யாரு அவ?”

“எங்கப்பா.”

“உங்கப்பாவா? அவர்கூடத்தான் நீ முகம் கொடுத்தே பேசறதில்லையே!”

“அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துடப் போறாங்க. இப்பவே சைகை மொழி கத்துக்க ஆரம்பிச்சுட்டாராம், அம்மா சொன்னாங்க.”

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“இனிமே அவர் என்னைத் திட்டறதா இருந்தாக்கூடக் கையாலதான் திட்டணும். அது எனக்குப் புரியணும்லடா.”