பத்து விரலிலும் பிளாஸ்திரி

பத்து விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் போலீஸ் கைரேகைப் பிரிவில், புது மெஷின் வாங்குவதற்கான சோதனை நடக்கும் அன்றைக்கு!

"என்ன ஏட்டய்யா, கைக்கு என்ன ஆச்சு?" என்றாள் இன்ஸ்பெக்டர். சின்ன வயசு. கண் மட்டும் பருந்துக் கண்.

"காய் நறுக்கும்போது வெட்டிடுச்சு மேடம்."

"பத்து விரலுமா?"

"வெங்காயம் மேடம். கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. ஒண்ணும் தெரியல."

ஏட்டுக்கு வியர்த்துக் கொட்டியது. பிடிபட்டு வருபவர்களிடம் ரேகை எடுத்தே காலத்தை ஓட்டியவர். மாசக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அதுவரை தன் விரல் எந்த மெஷினிலும் படாமல் பார்த்துக்கொண்டால் பென்ஷன் வந்துவிடும். பட்டால் போச்சு. ஏற்கெனவே வந்த ரெண்டு மெஷினையும் அவர்தான் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒன்று ரொம்பச் சத்தம் போடுகிறதாம். இன்னொன்று சத்தமே போடவில்லையாம்.

இது மூன்றாவது. பழைய குற்றவாளிகளின் ரேகைச் சீட்டு அத்தனையையும் உள்ளே ஏற்றியாகிவிட்டது. இனி பிரிவில் இருக்கும் நல்லவர்கள் ஒவ்வொருவராக விரல் வைக்க வேண்டும். எல்லோருக்கும் 'பதிவு இல்லை' என்று வந்தால் மெஷின் பாஸ். போலீசுக்கும் குடியேற்றத் துறைக்கும் சேர்த்து மொத்த ஆர்டர். கம்பெனி ஆள் டையைத் தடவிக்கொண்டே நின்றான்.

இன்ஸ்பெக்டர் ஓரமாகப் போய் ஏட்டின் வீட்டுக்குப் போன் போட்டாள். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரா? காய் நறுக்கினாரா? அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு அவரையே கேட்டுப் பாரும்மா!"

போதாதா? ரெண்டு கான்ஸ்டபிள்கள் பிடித்துக்கொள்ள, பிளாஸ்திரி உரிந்தது. விரலில் ஒரு கீறல்கூட இல்லை.

கட்டைவிரல் பட்டதும் மெஷின் 'கீங்' என்றது. திரையில் வந்தது, ஜாமீனில் போய் மாயமாகிவிட்ட பூட்டு உடைக்கும் திருடன்.

"அடப்பாவி! நம்ம ஆபீஸ்லயே உக்காந்து சம்பளம் வாங்கியிருக்கான்!" என்று அலறினார் சோதனையைப் பார்க்க வந்திருந்த கைரேகைப் பிரிவு டைரக்டர்.

"பாத்தீங்களா சார், நம்ம மெஷினோட துல்லியத்தை!" என்றான் கம்பெனி ஆள்.

மெஷின் நிற்கவில்லை. அடுத்து ஒரு பிக்பாக்கெட். அப்புறம் ஒரு கள்ளப் பாஸ்போர்ட் ஆசாமி. அதற்கப்புறம் செயின் பறிக்கும் ஒருத்தி.

"சார், இது பொம்பளை..." என்று இழுத்தாள் இன்ஸ்பெக்டர்.

"மாறுவேஷம்மா! புடவை கட்டிக்கிட்டுப் போயிருப்பான்!"

"அடுத்து வர்றவன் இப்போ ஜெயில்ல இருக்கானே சார்?"

"அங்கேருந்து தினமும் தப்பிச்சு வந்து இங்க டியூட்டி பாத்துட்டு, சாயந்திரம் திரும்பிப் போயிருக்கான். என்ன நெஞ்சழுத்தம் பாரு!"

மறுபடியும் 'கீங்'. இந்தத் தடவை இரட்டைக் கொலை.

"தூக்குதான்!" என்றார் டைரக்டர். கைவிலங்கு வந்தது.

பென்ஷனாவது மண்ணாவது, கழுத்து மிஞ்சினால் போதும் என்று ஏட்டு தடாலென்று டைரக்டர் காலில் விழுந்தார்.

"ஐயா, சத்தியமா நான் ஒரு ஈ எறும்பைக்கூட அடிச்சதில்லை! மை தடவப் போனா அவனுங்க துள்றானுங்க, கையை உதர்றானுங்க, சட்டையெல்லாம் பாழாப் போகுது... அதான் அலுத்துப்போய், எல்லார் சீட்டுலயும் என் விரலையே உருட்டி வெச்சிட்டேன்!"