புதன்கிழமைச் சமையல்

பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, ஆம்பளையும் முறை வைத்துச் சமைக்க வேண்டும் என்று சட்டம் போட்டு அந்தக் குடியிருப்பை உண்டாக்கியவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. புதன்கிழமை அவருடைய முறை. அவர் நினைவாக அன்று எல்லோரும் கூடிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் மனைவிதான் சமைத்திருந்தாள். ஒரு நல்ல வார்த்தைக்காகக் கரண்டியோடு காத்து நின்றாள்.

"இருபது வருஷத்துல அண்ணன் ஒரு புதன் தவறினதில்லை," என்று கண்ணைத் துடைத்தார் தையல்காரர்.

"கதவைச் சாத்திக்கிட்டுல்ல சமைப்பாரு! ஆள் கூடினா ருசி கெடும்பாரு," என்றாள் டீச்சர். "அவரைப் பார்த்துத்தான் எங்க வீட்டுக்காரரே கரண்டி பிடிச்சாரு."

தையல்காரர் ஒரு வாய் வைத்தார்.

"குறை சொல்றேன்னு நினைக்காதீங்க அண்ணி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் கைப்பக்குவம் வரலை."

"எப்படி வரும்? அது அவரோடயே போச்சு," என்றாள் டீச்சர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உள்ளே அவர் என்னதான் பண்ணுவாரு அண்ணி? உங்ககிட்டயாவது சொன்னாரா?" என்று கேட்டார் தையல்காரர்.

"நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பாரு. நான் பின்வாசல் வழியா வந்து சமைப்பேன். அவருக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. சட்டம் போட்டவனே தோத்தா எல்லாரும் சிரிப்பாங்கன்னு என் வாயைக் கட்டிட்டாரு. இருபது வருஷமா நீங்க தின்னது இந்தக் கை ஆக்கினதுதான்."

டீச்சர் எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"பாவம், துக்கம் தாங்காம ஏதேதோ பேசுறாங்க."

"ஆமா அண்ணி," என்றார் தையல்காரர், தனக்கு இன்னொரு முறை பரிமாறிக்கொண்டே. "போய்க் கொஞ்சம் படுங்க. பாத்திரத்தை அப்புறமா எழுந்து வந்து கழுவிக்கலாம்."